சம்பந்தியின் நெற்றியில் விழுந்த வெளிச்சம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

வணக்கம் பல சொல்லி, கூடவே மன்னிப்பும் பல கேட்டு எழுதிக்கொள்வது. தங்களைச் சம்பந்தி என்று அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்பது தெரியவில்லை. ஆனால் ஒருமுறை அப்படி அழைத்துவிட்டேன். அழைத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வது மரியாதை ஆகாது என்பதால் தொடர்கிறேன். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம். நலம் என்று நான் சொல்வதில் என் கழுத்து சேராது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஏனென்றால் தங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்கிறதே தவிர எடுப்பார் இல்லை.

தங்கள் கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். என் மகளைத் தங்கள் மகனுக்குக் கொடுப்பது என்று பேசி, இரண்டு வீட்டாரும் முதன்முதலாக எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்த அன்று, வெளியிலிருந்து ஒரு புகைப்படக்காரரை அழைத்துக்கொள்ளலாம் என்று என் மகள் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கேமரா அலமாரியில் சும்மா இருக்கிறது, அதை இயக்க நானும் சும்மா இருக்கிறேன், இதற்கு வெளியாள் எதற்கு என்று கேட்டேன். கேட்டதோடு விட்டிருக்கலாம். நாள் முழுக்க எடுத்தேன். எடுத்ததில் சிறந்தவற்றைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, கூரியரில் தங்களுக்கு அனுப்பியும் வைத்தேன். ஒரு வாரத்துக்குள் கல்யாணத் தேதி சொல்கிறோம் என்று கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னவர் தாங்கள். படங்கள் வந்து சேர்ந்தன என்று கூரியர்காரர் உறுதி செய்தார். தேதி மட்டும் வந்து சேரவில்லை. என் மகள் இப்போதெல்லாம் சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள். ஒன்றுமில்லாததை ஒருத்தி அவ்வளவு நேரம் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

அதனால் என்னிடமிருந்த பிரதிகளை எடுத்து, அலுவலகத்தில் தராசுமுள்ளைப் பார்க்கப் பயன்படுத்திய பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பரிசோதித்தேன். தங்கள் வருத்தம் முற்றிலும் நியாயமானது. தங்கள் நெற்றியில் ஒரு டியூப்லைட்டே எரிகிறது. தங்களுக்கு நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகம் நேரில் பார்த்தபோதே எனக்கு வந்ததுதான் என்றாலும், படத்தில் அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. மூக்குக்கண்ணாடிக்குள் ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு எதிரே வருகிறது. தங்கள் துணைவியாரின் மடியில் கறுப்பாக ஒரு பாதி வட்டம் கிடக்கிறது. அது அவர்கள் மேல் ஏதோ சிந்தியதல்ல, கேமராவின் மூக்கு நீளமாக இருப்பதால் விழுந்த நிழல். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் சுவரில் ஒரு கறுப்பு ஆள் நிற்கிறான், நாம் அழைக்காத இன்னொரு குடும்பம் வந்து கும்பலில் கலந்துகொண்டதைப் போல. இவ்வளவுக்கும் குற்றவாளி நான் அல்ல. பொத்தானை அமுக்கினால் கேமராவின் மண்டையிலிருந்து எழும்பி நிற்கிற அந்தக் குட்டி பிளாஷ்தான். கேமராவோடு பிறந்த பிளாஷ் யாருக்கும் உதவாது, தனியாக ஒன்று வாங்கி மேலே மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. வாங்கினேன். அந்தக் கதையைத்தான் தாங்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

நான் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும். பணிக்காலம் முழுவதும் பெயர் ஒன்று, பொருள் ஒன்று என்று விற்ற பொட்டலங்களுக்கு அபராதம் போட்டவன். ஆகவே கேமராக் கடைக்குள் நுழையும்போதே என் முகத்தில் அந்தக் களை இருந்திருக்க வேண்டும், கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். என் மனைவியும் கூட வந்திருந்தாள். கேமராவை மேசையில் வைத்து, இதற்கு ஒரு பிளாஷ் வேண்டும் என்றேன்.

"என்ன ஷூ சார்?" என்று கேட்டார்.

"எட்டு. வலது காலுக்கு எட்டரை இருந்தா நல்லது."

அவர் என் காலைப் பார்த்தார், பிறகு என் மனைவியைப் பார்த்தார். "கால்ல போடுற ஷூ இல்ல சார். கேமரா தலையில இருக்கிற ஷூ. இதோ, மேல ஒரு இரும்புப் பள்ளம் இருக்கு பாருங்க, இதுக்குப் பேருதான் ஷூ. இதுலதான் பிளாஷைச் செருகணும். கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும்."

"ஷூவை யாராவது தலையில போடுவாங்களா?"

"நான் பேரு வைக்கல சார்."

சட்டப்படி இது தவறான பெயரிடலின் கீழ் வரும். ஓய்வு பெற்றுவிட்டேனே என்று முதல்முறையாக வருந்தினேன். அதற்குள் அவர் இரண்டு பெட்டிகளை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். ஒன்று கேமராக் கம்பெனியே செய்த சொந்த பிளாஷ், இன்னொன்று வெளிக் கம்பெனி செய்தது. "சொந்தம்னா கேமராவும் பிளாஷும் ஒண்ணுக்கொண்ணு நல்லாப் பேசிக்கும் சார், ஆனா விலை கூட. வெளின்னா விலை கம்மி, வேலை அதே வேலைதான், ஆனா ஒத்துப்போகுமான்னு பொருத்தம் பார்த்துதான் எடுக்கணும்" என்று விளக்கினார். வெளியில் எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை என்ற கொள்கை உடையவன் நான் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் குடும்பமே எங்களுக்கு வெளிதான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது என் மனைவி அந்த அட்டைப் பெட்டியைப் பார்த்து, "பொருத்தமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒருத்தர் பூந்து வெளிச்சம் போட்டாரு" என்றாள். பெட்டியிடம்தான் சொன்னாள். கடைக்காரர் ஏன் சிரித்தார் என்று தெரியவில்லை.

அடுத்து, "கைடு நம்பர் எவ்வளவு பார்க்கறீங்க?" என்றார். நான் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க, குறிச்சுக்கறேன். அவரை எப்பக் கூப்பிட்டா எடுப்பாரு?" என்று கேட்டேன். யாரை என்றார். கைடை என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, அது போன் நம்பர் இல்லை, வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு ஓர் அளவு, எண் பெரிதாக இருந்தால் வெளிச்சமும் பெரிது என்றார். அளவு என்று சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. ஒரு கடையில் இரண்டு அளவு இருந்தால் பெரியதைத்தான் வாங்க வேண்டும், சிறியதை வாங்குபவன் ஏமாளி என்பது என் அனுபவம். கடையிலேயே பெரிய எண் எது என்று கேட்டு அதையே எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அதன் வெளிச்சம் ஒரு பெரிய மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் போகுமாம். எங்கள் வீட்டுக் கூடத்தில் கடைசி வரிசை என்பது சுவர். அதை மாட்டி, கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டதும் தலை தானாகத் தரையைப் பார்த்தது. பணிவாக நிற்கிறேன் என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். என் கழுத்தைப் பற்றி மேலே சொன்னது இதுதான்.

கிளம்பும்போது அவர் ஒரு முக்கியமான விஷயம் சொன்னார். அதை அப்படியே தங்களுக்குச் சொல்ல வேண்டும். "இவ்வளவு பெரிசை வச்சுக்கிட்டு நேரா மூஞ்சில அடிச்சிராதீங்க சார். உங்க பழைய படத்துல இருக்கிற பிரச்சினை எல்லாமே நேரா மூஞ்சில அடிச்சதால வந்ததுதான். இதுக்குத் தலை திரும்பும். தலையை மேல தூக்கிக் கூரையில அடிங்க. கூரை அதை வாங்கி, பரப்பி, மெத்துன்னு கீழ விடும். யாருக்கும் கண்ணு கூசாது, நிழலும் விழாது."

"நான் யாரையும் மூஞ்சில அடிச்ச மாதிரி பேசினதே இல்லையே" என்றேன். என் மனைவி இருமினாள். கடையில் தூசி அதிகம்.

ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன் சம்பந்தி. கூரையில் அடித்துத் திருப்பும் வித்தை எங்கள் வீட்டில் எத்தனையோ வருடமாக நடந்துகொண்டுதான் இருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி என்னைப் பார்த்து எதையும் நேராகச் சொன்னதில்லை. பாத்திரத்திடம் சொல்வாள், மிக்சியிடம் சொல்வாள், பக்கத்து வீட்டுப் பூனையிடம் சொல்வாள். அவை வாங்கிப் பரப்பி மெத்தென்று என்னிடம் விடும். எனக்குக் கண் கூசியதே இல்லை. பாதி நேரம் அது எனக்குச் சொன்னது என்பதே தெரிந்ததில்லை.

இதற்கு நடுவில் என் சகலை வந்து சேர்ந்தார். என் மனைவியின் தங்கை கணவர். தாங்களும் அவரைப் பார்த்திருக்கிறீர்கள், அன்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து தங்கள் மகனுக்கு எப்படி வேலை பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தவர். உலகத்தில் எது புதிதாக வந்தாலும் அதைவிட நல்லது பழையதாக அவரிடம் ஒன்று இருக்கும். "புதுசு எதுக்கு வாங்குனீங்க? என்கிட்ட பிலிம் காலத்து பிளாஷ் ஒண்ணு சும்மாதானே கெடக்குது. அந்தக் காலத்து அடி, சும்மா இடி மாதிரி இருக்கும். நீங்க வாங்கினதைத் திருப்பிக் குடுத்திருங்க" என்று சொல்லி ஒரு துணிப்பையிலிருந்து அதை எடுத்தார். ஆண் மகன் ஒருவனின் தொடை கனம் இருந்தது. மறுத்தால் வருத்தப்படுவார் என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதை மாட்டுவதற்கு முன்னால் ஒரு மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் போய் ஓரத்தில் இடித்துக்கொண்டு நின்றது. மீட்டரில் முள் அப்படி நிற்பதை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் நல்லது நடந்ததில்லை.

"சார், இந்தப் பழசுங்க கரண்டைத் திருப்பி அடிக்கும். அந்தக் காலத்து கேமரா தாங்கும், இது தாங்காது. புகைப்படம்னு சொல்றோம் இல்லையா, இதை மாட்டினா படம் வராது. புகை மட்டும் வரும்."

சகலைக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பிளாஷ்ல உன் கல்யாணத்தையே எடுத்திருக்கலாம்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடி, தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் பொருள் மோசம் என்று யாரும் சொல்லவில்லை, அது தொட்டதையெல்லாம் எரித்துவிடும் என்று மட்டும்தான் சொன்னார்கள் என்று சமாதானம் சொன்னேன். அதற்குப் பிறகு அவரும் போன் எடுப்பதில்லை. ஆக, எங்களோடு பேசாத குடும்பம் இரண்டு ஆயிற்று.

வீட்டில் ஒத்திகையைத் தொடங்கினேன். தாங்கள் மறுபடி வரும்போது தவறு நடந்துவிடக் கூடாது அல்லவா. என் மனைவி நிற்க மறுத்துவிட்டாள், மகளிடம் கேட்க எனக்கே மனம் வரவில்லை. அதனால் தாங்கள் உட்கார்ந்திருந்த சோபாவில், தங்கள் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் ஓர் எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்து வைத்தேன். வெளிச்சம் பட்டால் அது தங்களைப் போலவே நடந்துகொள்ளும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன், வேறு எண்ணம் இல்லை. என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை அதில் டேப் போட்டு ஒட்டினேன். தங்கள் துணைவியார் இடத்தில் ஒரு தலையணை. முதலில் அரிசிச் சாக்கைத்தான் வைத்தேன், என் மனைவி பார்த்த பார்வையில் உடனே எடுத்துவிட்டேன். பிளாஷின் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்து அடித்தேன். அது 'ஙொய்' என்று ஒரு சத்தம் போட்டு அடுத்த அடிக்குத் தயாராகும். கொசு என்று நினைத்து என் மனைவி அடுப்படியிலிருந்து மட்டையோடு வந்தாள்.

படத்தைப் பார்த்தால் குடம் பச்சை. தலையணை பச்சை. கண்ணாடிக்குள் லாரி வரவில்லை, நிழலும் விழவில்லை, கடைக்காரர் சொன்னது எல்லாம் சரியாக நடந்திருந்தது, ஆனால் எல்லோருக்கும் மஞ்சள்காமாலை முற்றிப் பச்சையாக மாறியதைப் போல ஒரு களை. அண்ணாந்து பார்த்தேன். எங்கள் கூடத்தின் கூரை பச்சை நிறம் என்பதை இத்தனை வருடம் குடியிருந்தும் அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்காரர் தன் கடை ஷட்டருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை வீணாக்காமல் எங்கள் தலைக்கு மேலே அடித்திருக்கிறார். கூரை தான் எந்த நிறமோ அந்த நிறத்தையே எல்லோர் முகத்திலும் பூசிவிடுமாம், கடைக்காரர் அதைச் சொல்ல மறந்துவிட்டார். என் மனைவி குடத்தின் முகத்திலிருந்து தன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நீ பாத்திரம், உன்னால எழுந்து போக முடியாது. அவங்க மனுஷங்க, எழுந்து போயிட்டாங்க" என்று குடத்திடம் சொன்னாள்.

கூரைக்கு வெள்ளை அடிப்பது என்று முடிவு செய்து ஆளை வைத்து ஏணியைப் போட்டபோது வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"என்னைக் கேக்காம என் கூரையில எப்படி நீங்க பெயிண்ட் அடிக்கலாம்?"

"கூரையில வெளிச்சம் அடிக்கத்தான் பெயிண்ட் அடிக்கிறேன். கூரை பச்சையா இருந்தா என் சம்பந்தி பச்சையாயிடறாரு."

"உங்க சம்பந்தி எந்தக் கலரா இருந்தா எனக்கென்ன?"

"என் பொண்ணு கல்யாணம் அதுலதான் நிக்குது."

அவருக்கும் இரண்டு பெண்கள். ஏணியில் நின்றவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். பிறகு, வெள்ளை அடித்து முடித்ததும் முதல் படம் தன் குடும்பத்தைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். அடுத்த நாளே நல்ல உடைகளில் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிட்டார். பெயிண்ட் இன்னும் காயவில்லை, நாளை வாருங்கள் என்றேன். கூரை என்னுடையது, காய்ந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியும் என்றார். எடுத்தேன். முகங்கள் எல்லாம் அருமையாக விழுந்தன. அவருடைய நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைத் திட்டு. மறுபடியும் அந்தப் பழைய வியாதி வந்துவிட்டதே என்று பிளாஷின் தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, அவரை நகர்ந்து உட்காரச் சொல்லி, பத்துப் பதினைந்து படம் எடுத்திருப்பேன். ஒவ்வொரு படத்திலும் திட்டு பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் அவருடைய சின்னப் பெண்தான், "அப்பா, அது வெளிச்சம் இல்ல, சொட்டுது" என்றாள். அது புருவத்தில் காய்ந்து, சுரண்டி எடுக்கும்போது புருவமும் கூட வந்துவிட்டது. பேசாத குடும்பம் மூன்று.

ஆனால் கூரை இப்போது வெள்ளை. காய்ந்தும் விட்டது. நேற்று மறுபடியும் குடத்தை வைத்து எடுத்த படத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். உற்றுப் பாருங்கள், வளைவு வளைவாக, மென்மையாக, ஒரு கூச்சம் இல்லாமல், குடம் அப்படியே தங்களைப் போல வந்திருக்கிறது. கண்ணாடிக்குள் கண் இருந்திருந்தால் அது தெரிந்திருக்கும். இவ்வளவு தெளிவாக ஒரு குடத்தை எடுக்க முடிகிற ஒருவனால் தங்களையும் எடுக்க முடியும் என்று தாங்கள் நம்ப வேண்டும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு மறுபடியும் வர வேண்டும். அன்று உட்கார்ந்த அதே சோபாவில், அதே வரிசையில், அதே சிரிப்போடு உட்கார வேண்டும். பழைய படங்களைக் கையோடு எடுத்து வந்தால் நானே கிழித்துப் போட்டுவிடுகிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதை எழுதப்போகிறேன் என்று தெரிந்ததும் என் மனைவி என் காதில் விழும்படியாக மகளிடம், "சில பேர் சில விஷயத்தை நேரா எழுதாம சுத்தி எழுதினா புண்ணியமாப் போகும்" என்றாள். ஆகவே சுற்றி எழுதுகிறேன். பொதுவாகவே பெரிய நெற்றி உள்ளவர்கள் படம் எடுக்க வரும்போது கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு வருவது உலக வழக்கம். நான் யாரையும் குறிப்பிடவில்லை.

பிளாஷைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறேன், தாங்கள் வந்த பிறகுதான் திறப்பேன். சம்பந்தி, இவ்வளவு நேரம் கேமராவைப் பற்றியே எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கேமராவும் வேண்டாம், அதன் தலையில் இருக்கிற ஷூவும் வேண்டாம். என் மகள் தங்கள் மகனைப் பற்றிப் பேசும்போது ஒரு மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. அதை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை. என்மேல் இருக்கிற கோபத்தை என்மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள்மேல் காட்டாதீர்கள்.

தங்களுக்கும் தங்கள் துணைவியாருக்கும் எங்கள் பணிவான வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் மனம் நிறைந்த ஆசிகள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கு நமஸ்காரமும், சிறியவர்கள் இருந்தால் அவர்களுக்கு அன்பும், யாரும் இல்லை என்றால் தங்களுக்கே எல்லாமும் உரித்தாகுக.

இப்படிக்கு,
தங்கள் வரவையும் தேதியையும் எதிர்நோக்கி,
தங்களின் (இன்னும்) சம்பந்தி

பின்குறிப்பு:

அண்ணாவுக்கு வணக்கம். இது அண்ணிக்கு எழுதுகிறேன். மேலே எழுதியவர் தபால்தலை வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார். ஒட்டுவதற்கு முன்னால் ஒருமுறை படித்து வை என்று கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். போனில் சொல்லலாம் என்றால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் இதிலேயே எழுதி, அவர் வருவதற்குள் உறையை ஒட்டிவிடுகிறேன்.

நெற்றியும் இல்லை, நிழலும் இல்லை அண்ணி. உங்கள் மகன் என் மகளிடம் நேற்றுத்தான் விஷயத்தைச் சொன்னாராம். நீங்கள் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்திருக்கிற பெரிய படத்தில், உங்களுக்குப் பின்னால் சமையலறை வாசலில் நான் கரண்டியோடு நிற்கிறேன். வாயைக் கோணிக்கொண்டு, கண்ணால் எரித்துவிடுகிற மாதிரி. நானும் இன்றுதான் எடுத்துப் பார்த்தேன். கிட்டே இருந்த நீங்கள் எல்லோரும் வெளுத்துப்போய்விட்டீர்கள், தள்ளி நின்ற என்மேல்தான் வெளிச்சம் அளவாக விழுந்திருக்கிறது. அந்தப் படத்திலேயே தெளிவாக இருக்கிற முகம் அது ஒன்றுதான். இவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அண்ணாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர அதைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "அந்தம்மாவுக்கு நம்மளைப் பிடிக்கல" என்று சொல்லி, படத்தைச் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டீர்களாம். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அன்றைக்கு நீங்கள் பசியோடு இருந்தீர்கள். சாப்பாடு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. நீங்கள் தட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் இவர் "இன்னும் ஒரே ஒரு படம்" என்பார், நீங்கள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பீர்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்கு முதல் தடவை வந்தவரை ஒரு வாய் சாப்பிட விடாமல் சிரிக்க வைக்கிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த முகம் கேமராவுக்குப் பின்னால் நின்ற மனிதருக்குக் காட்டியது. உங்களுக்குக் காட்டியது இல்லை. எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது. இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை, எழுதும்போதே கை கூசுகிறது, ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பிளாஷை நேற்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அலமாரியில் இருக்கிற பெட்டிக்குள் இப்போது இருப்பது இஸ்திரிப் பெட்டி. இவர் தூக்கிப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் அண்ணி. வந்ததும் சாப்பாடு, மற்றதெல்லாம் அப்புறம். நான் பரிமாறிவிட்டு வாசலில் நிற்காமல் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். என் முகத்தைக் கிட்டே இருந்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.